பதினேழாம் வண்டியில் நான்கு விரல் இடம்

தணிகாசலம் கணினியில் கட்டிய முதல் வண்டி கல்லேரிப்பாக்கத்து மெக்கானிக் தெருவில் வந்து நின்றது ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அன்றைக்கு மஸ்தான் பாய் டீக்கடையில் இருபது லிட்டர் பாலும் மொத்தமாகத் திரிந்துபோயிருந்ததால் தெருவே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது, வண்டியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீல நிறம், நான்கு கதவு, முன்னாலும் பின்னாலும் நம்பர் இல்லை. அமுலுவின் ஷெட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவில், நேற்று வரை ஒரு நாய் படுத்துக்கிடந்த இடத்தில் அது நின்றது. நாய் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்சக்கரத்தில் காலைத் தூக்கிவிட்டு, அதன் நிழலிலேயே மறுபடியும் படுத்துக்கொண்டது. தெரு அந்த வண்டியை ஏற்றுக்கொண்டதும் ஏறக்குறைய அதே விதமாகத்தான்.

சாயங்காலம் தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்த சுகுணா, தெருமுனையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, மாடியேறி வந்து கணவரிடம் கேட்டாள்.

“கம்ப்யூட்டர்ல நீங்க போட்டுக்கிட்டிருந்த வண்டிதானே கீழ நிக்குது?”

“ஆமாம்.”

“ராகு காலத்துல வந்து நின்னிருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி டயருக்கு அடியில வைங்க,” என்று சொல்லிவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

தணிகாசலத்துக்கு ஐம்பத்து நாலு வயது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கார் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வண்டிக்குள் எது எங்கே உட்கார வேண்டும், எதற்காக எது எத்தனை மில்லிமீட்டர் ஒதுங்க வேண்டும் என்று முடிவுசெய்கிற பிரிவில் இருந்தார். போன வருஷம் விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்று கடிதத்தில் எழுதவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலை ஒன்பது மணிக்கு சுகுணா புறப்பட்டுப் போனதும், அவர் மடிக்கணினியைத் திறந்து, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் ஆடுகிற ஒரு விளையாட்டில் உட்காருவார். அதில் துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. இன்ஜினை நீங்கள் கட்ட வேண்டும், அந்த இன்ஜினுக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும், மிச்சமிருக்கிற நீளத்தில் ஆட்களை உட்காரவைக்க வேண்டும். இன்ஜின் அறையைச் சுருக்கினால் உள்ளே கால் நீட்ட இடம் கிடைக்கும், விற்பனை ஏறும். ஆனால் பழுதுபார்க்கும் செலவும் ஏறும். அறையைப் பெரிதாக்கினால் செலவு இறங்கும், விற்பனையும் இறங்கும். திரையின் ஓரத்தில் ஒரு தராசு மாதிரி இரண்டு கோடுகள், ஒன்று எழுந்தால் ஒன்று விழும். வண்டி திருப்தியாக வந்தது என்று தோன்றும்போது அவர் அதைப் பதிந்து வைப்பார். பதிந்து வைத்த வண்டி பதினொரு மணிக்குத் தெருவில் நிற்கும்.

இரண்டாவது வண்டி வந்தபோது போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், சேசிஸ் நம்பர் இல்லாததால் இது சட்டப்படி வண்டியே அல்ல, எனவே வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டி நிற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஐந்தாவது வண்டி வருவதற்குள் தெரு தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டது: சாவிகளெல்லாம் மஸ்தான் பாய் கடையின் ஆணியில் தொங்கும், பிரசவத்துக்கும் சாவுக்கும் கேட்டால் முதலில், கல்யாணத்துக்கு அடுத்து, சந்தைக்கு அதற்கப்புறம், சினிமாவுக்கு எனக் கேட்டால் பாய் முறைப்பார். வண்டிகளின் கூரையில் வற்றல் காய்ந்தது. எட்டாவது வண்டியின் பின்சீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்கு எட்டம்மா என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்று இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயின.

ஒரே ஒரு சங்கடம். விளையாட்டில் ஒரு வருஷம் என்பது தெருவில் ஒரு நாள். வெள்ளிக்கிழமை புதிதாக வந்த வண்டி அடுத்த புதன்கிழமை ஆறு வயது வண்டியாக முனகும். அதற்கடுத்த வாரம் கதவில் துரு பூக்கும். பதினைந்தாம் நாள் பதினொரு மணிக்கு, பதினைந்து வயது வண்டியாக, வந்த மாதிரியே போய்விடும், தன்னோடு இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு. அப்படி ஆட்டோ எலக்ட்ரீஷியன் லூர்துவின் செருப்பு போனது, ஒரு மூட்டை பச்சரிசி போனது, பம்பரில் கட்டியிருந்த ஆடு ஒன்று போனது. கத்தியால் நறுக்கியது போன்ற கயிற்று நுனி மட்டும் தரையில் கிடந்தது. ஆட்டுக்காரர் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

விளையாட்டு மதிப்பெண் போடுவது முதல் ஐந்து வருஷத்துக்குத்தான். பழுதுபார்க்கும் செலவு உண்மையாக ஏறுவது ஆறாவது வருஷத்திலிருந்துதான். ஆகவே திரையில் அந்தச் செலவு சாம்பல் நிறத்தில் ஓர் எண்ணாக மட்டும் இருந்தது, அதை யாரும் கூட்டிக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் அது அமுலுவின் ஷெட்டுக்கு வந்தது.

அமுலுவுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்தத் தெருவில் முதலில் ஸ்பேனர் பிடித்த பெண்ணும் அவள்தான், அதிகமாகக் கெட்ட வார்த்தை பேசுகிறவளும் அவள்தான் என்று சொல்வார்கள், முதலாவதைச் சொல்லாவிட்டாலும் இரண்டாவதைச் சொல்வார்கள். அவள் புருஷன் சம்பந்தம் ஷேர் ஆட்டோ ஓட்டினான். பன்னிரண்டாவது வண்டிக்கு ஆறு வயதானபோது அவள் தணிகாசலத்தின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கத்தினாள்.

“டிசைன் சார்! கொஞ்சம் தலைய நீட்டு!”

“இன்னா அமுலு?”

“ஃபேன் பெல்ட்டு மாத்தணும்னா இன்ஜினையே எறக்கணும்னு கீது. நீ வரைஞ்சியா, இல்ல உன் பகையாளி எவனாச்சும் வரைஞ்சானா?”

“இடம் இல்ல அமுலு. உள்ள ஆளு உக்கார இடம் வேணும்ல?”

“உள்ள உக்கார்றவன் ஆளு. வெளிய நின்னு கைய உடுறவ யாரு?”

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தபோது அந்தக் கேள்வி அவருக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தொழிற்சாலையில் அவருக்கு ஒரு கை இருந்தது. நைலானில் வார்த்த கை. இன்ஜின் அறைக்குள் ஒரு மெக்கானிக்கின் கை போய்வர முடியுமா என்று பார்ப்பதற்காக, அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம், இருபத்தேழு வயதில் அவருடைய வலது கையையே அச்செடுத்து வார்த்தது. மெலிந்த, நீண்ட, கோடு போட்டுப் பழகிய கை. காப்பு காய்க்காதது, ஒரு தடவையும் சுத்தியலில் நசுங்காதது, எதையும் பிடித்திராமல் விரல்களை நேராக நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் அந்தக் கையை ஒவ்வொரு வண்டிக்குள்ளும் விட்டுப் பார்த்தார்கள், போகிறது என்று எழுதினார்கள், அவர் கையெழுத்துப் போட்டார். மூன்று வகை வண்டிகள் அந்தக் கையெழுத்தோடு சாலைக்குப் போயின. போன கை எதையாவது பிடித்துக்கொண்டு திரும்பி வர வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை. யாரும் என்றால் யார், அவர்தானே கேட்டிருக்க வேண்டும்? கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்னமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்படியானால் கேட்காமலிருந்து சம்பாதித்தது சில வருஷங்களையா? அந்தச் சில வருஷங்களில் என்ன செய்தார்? இன்னும் இரண்டு வண்டிகளைச் சுருக்கினார். இப்படியே அவர் மனம் போய்க்கொண்டிருக்கும், மதியச் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

அப்படி யோசித்தவர்தான் பதினேழாவது வண்டியையும் கட்டினார் என்பதை மறைப்பதற்கில்லை.

விளையாட்டில் தென் மாநிலங்களுக்கென்று ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். நடத்துவது அவருடைய பழைய தொழிற்சாலை. ஜெயிக்கிறவருக்கு வடிவமைப்புப் பிரிவில் இரண்டு வருஷ வேலை. அவருடைய பழைய மேலதிகாரி வரதன் தொலைபேசியில், “பேர் தெரியாம ஆடுறது நீதான்னு எனக்குத் தெரியும்யா. ஜெயிச்சு வா. உன் நாற்காலி அப்படியே இருக்கு,” என்றார். தணிகாசலம் இரண்டு வாரம் வரைந்து, அழித்து, வரைந்தார். கடைசியில் இன்ஜினுக்கும் அதன் அறையின் பின்சுவருக்கும் நடுவே இருந்த இடத்திலிருந்து நான்கு விரல் அகலத்தைப் பிடுங்கிப் பின்சீட்டின் முழங்காலுக்குக் கொடுத்தார். ஆயில் ஃபில்டர் அந்த இடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டது. சாம்பல் நிற எண், ஃபில்டர் மாற்ற ஒன்பது மணி நேரம் என்றது. கறுப்பு நிற எண் முதலிடம் என்றது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதினேழாவது வண்டி, வெண்கல நிறத்தில், கோயில் தேர்ச் சக்கரம் போல மினுங்கிக்கொண்டு தெருவில் வந்து நின்றது. முடிவு அறிவிப்பது இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு. அதுவரை வண்டியை மாற்றலாம். மாற்றினால் தெருவில் நிற்கிற வண்டியும் மாறும், மதிப்பெண்ணும் மாறும்.

ஆறாம் நாள் புதன்கிழமை காலை, அமுலு அந்த வண்டியின் பானட்டைத் தூக்கி, ஆயில் ஃபில்டரை மாற்றக் கையை உள்ளே விட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வாள். விரலுக்குக் கண் இருக்கிறவள் முகத்துக் கண்ணைத் தொந்தரவு செய்ய மாட்டாள். கை போனது, ஃபில்டர் கழன்றது, அவள் அதைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. விரித்த கைதான் அந்த இடுக்கில் போகும். மூடிய கை வராது. இந்த மாதிரி நேரத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான்: பிடித்ததை விட்டுவிட்டுக் கையை உருவிக்கொண்டு, பம்பரைக் கழற்றி, ரேடியேட்டரைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றி, ஒன்பது மணி நேரம் கழித்து விழுந்ததை அடியிலிருந்து எடுப்பது. லூர்து பக்கத்தில் நின்று, “உட்ருக்கா, அடியில பாத்துக்கலாம்,” என்றான்.

அமுலு கண்ணைத் திறந்தாள்.

“உட மாட்டேன்.”

“இன்னாக்கா?”

“இருபத்திரண்டு வருசமா உட்டுக்கினுதாண்டா இருக்கேன். இன்னிக்கி உட மாட்டேன். வழிய வரைஞ்சவன் அகலம் பண்ணட்டும். நான் கையில இருக்கிறதோடதான் வெளிய வருவேன். அதுவரைக்கும் எவனாச்சும் இந்த வண்டி மேல ஸ்பேனர் வச்சீங்க, இன்னொரு கை சும்மாதான் இருக்கு.”

இப்படித்தான் அவள் நிற்கத் தொடங்கினாள். முதல் நாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் அவள் நிற்பதற்கு வசதியாக நான்கு பழைய டயர்களை அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள், மேலே தார்ப்பாய் கட்டினார்கள். மூன்றாம் நாளிலிருந்து தெரு அவளைச் சுற்றிப் போய்வரப் பழகிவிட்டது, ஒரு வேப்பமரத்தைச் சுற்றிப் போவதுபோல. அவள் நின்ற இடத்திலிருந்தே தன் ஷெட்டை நடத்தினாள். எந்த வண்டியின் சத்தமானாலும் இருபதடி தள்ளி ஓடவிட்டால் போதும், நோய் சொல்லிவிடுவாள். எதிர்வீட்டுப் பெண்கள் முறைபோட்டு அவளுக்குத் தலை வாரிப் பின்னினார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டர் வந்து முழங்கைக்கு மேல் நாடி பார்த்துவிட்டு, தன் ஸ்கூட்டரில் இழுவை குறைவதைப் பற்றி அவளிடமே யோசனை கேட்டுக்கொண்டு போனார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் அவள் முகவரியில், ‘பதினேழாவது வண்டி அருகில்’ என்று சேர்த்து எழுதினார். இரண்டு கட்சிக்காரர்கள் சால்வை கொண்டுவந்தார்கள். அவள் இரண்டையும் வாங்கி மற்ற கையால் எண்ணெய் துடைத்தாள்.

சம்பந்தம் மூன்று வேளையும் தூக்குப்பாத்திரத்தோடு வந்தான்.

“ஏன்டி, கைய உட்டுத் தொலையேன். சும்மா இரும்புத் துண்டுதானே?”

“தோசை ஏன் இப்படி இருக்குது?”

“நான் சுட்டது.”

“அதான பாத்தேன். இந்த ஃபில்டருக்கு மாவு தடவித் தின்னா கூட இத வுட நல்லா இருக்கும்.”

அவன் அவளுக்கு ஊட்டிக்கொண்டே அழுதான். ஏன் அழுதான் என்பதுதான் விஷயம்: வண்டிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. வெண்கல நிறம் உரிந்து, பத்தாம் நாள் கதவு துருவேறித் தொங்கியது, பன்னிரண்டாம் நாள் சீட்டுக்குள் எலி குட்டி போட்டது. பதினைந்தாம் நாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி போகும், அதற்குள் இருக்கிறதோடு போகும். ஆட்டுக் கயிற்றின் நறுக்கிய நுனியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அமுலுவின் முழங்கையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள்.

தணிகாசலம் தினமும் கீழே இறங்கி வந்து நின்றார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போட்டி முடிவு. பதினொரு மணிக்கு அவள் கை. நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது புரட்டிப்போட முடியுமா என்று அவர் ஒன்பது நாள் கணக்குப் போட்டார். வண்டியையே அழித்துவிட்டால் அந்த நிமிஷமே கையோடு போய்விடும். ஃபில்டரை இடம் மாற்றினால் இன்ஜினையே திருப்பிவைக்க வேண்டும், திரும்புகிற இன்ஜின் நடுவில் இருக்கும் எலும்பை விட்டுவைக்காது. அகலமாக்குவது ஒன்றுதான் வழி. அகலமாக்கினால் நாற்காலி போகும். ‘அவள் விட்டுவிடலாமே,’ என்று ஒரு நாள் நினைத்தார். நினைத்த மறு நொடியே, இருபத்தாறு வருஷம் தன்னைச் சாப்பிட வைத்ததும் தூங்க வைத்ததும் இந்த ஒரு வாக்கியம்தான் என்று கண்டுகொண்டார்: அவர்கள் விட்டுவிடுவார்கள்.

சுகுணாவிடம் கேட்டார். “நான் என்ன பண்ணட்டும்?”

அவள் தபால் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். “ஒன்பது நாளா நிக்கிற பொம்பளை யார்கிட்டயும் யோசனை கேக்கல,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரதன் வந்தார். விஷயம் தொழிற்சாலை வரைக்கும் போயிருந்தது. வெள்ளை நிற வண்டி ஒன்றில் வந்து இறங்கினார். மூன்று வகைகளில் கடைசி வகை, தணிகாசலத்தின் கையெழுத்து உள்ளது. தெருவில் நின்ற பெண்ணையும் துருப்பிடித்த வண்டியையும் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அதிகாரிகள் பழுதுகளைப் பார்க்கும்போது ஆச்சரியப்படுவதில்லை, தேதியைத்தான் பார்ப்பார்கள்.

“ரெண்டு மணி நேரம்யா. ரெண்டே மணி நேரம் நீ எதையும் தொடாம இரு. அந்தம்மாகிட்ட நான் பேசறேன்.”

“பேசு, பேசு,” என்றாள் அமுலு.

“ஏம்மா, விட்டுட்டா கை வந்துடும்தானே?”

“வந்துடும்.”

“அப்புறம் ஏம்மா விடமாட்டேங்கற?”

“நீ ஏன் சார் உட மாட்டேன்ற, நாலு வெரலு? உன்னதா அது? என் கை போற வழி.”

தணிகாசலம் மாடிக்குப் போய் மடிக்கணினியை எடுத்து வந்தார். பதினேழாவது வண்டியின் முன்பக்க மட்கார்டு மீது அதைத் திறந்து வைத்தார். தெருவில் ஸ்பேனர் சத்தம் நின்றது. மஸ்தான் பாய் அடுப்பைத் தணித்தார்.

மணி பத்து நாற்பது. அவர் ஒரு விரல் அகலம் நகர்த்தினார். வண்டி ஈரத்தில் நின்ற மாடு போல ஒருமுறை சிலிர்த்தது, இரும்பு முனகியது, பின்சீட்டிலிருந்து எலிக் குடும்பம் வெளியே ஓடியது. திரையில் முதலிடம் நான்காம் இடமானது.

“வருதா அமுலு?”

“மணிக்கட்டு கொஞ்சம் காத்து வாங்குது. வரல.”

இன்னொரு விரல். முப்பத்தெட்டாம் இடம். வரதன் அவர் தோளைப் பிடித்தார். “போதும்யா! முப்பத்தெட்டுன்னா கூட நான் கமிட்டியில பேசி உன்ன உள்ள கொண்டு வந்துடுவேன். இதுக்கு மேல போனா என்னால முடியாது.”

தணிகாசலத்தின் விரல் நின்றது. அவர் அமுலுவைப் பார்த்தார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. “அமுலு, கொஞ்சம்... பிடிய லேசா தளர்த்தினா வந்துடும்ல? முழுசா விட வேண்டாம். லேசா.”

அமுலு ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சத்தம் போடாமல் பேசினாள். “சார், லேசாத்தான் ஆரம்பிக்கும். எங்கப்பா லேசா தளர்த்தினாரு, எனக்கு ஷெட்டு சொல்லிக் கொடுத்த மேஸ்திரி லேசா தளர்த்தினாரு, நான் எவ்ளோ தளர்த்தினேன்னு என் கை முட்டியப் பாரு. மணி இன்னா ஆவுது?”

“பத்து ஐம்பது,” என்றான் சம்பந்தம். சொல்லிவிட்டுத் தன் வேட்டி முனையை வாயில் திணித்துக்கொண்டான்.

மூன்றாவது விரலை அவர் கணக்குப் பார்க்காமல் நகர்த்தினார். தொண்ணூற்றேழு. நான்காவது விரல். இருநூற்றுப் பதினொன்று. வண்டியின் மூக்கு டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து பெஞ்சை இடித்தது, பெஞ்சில் இருந்தவர்கள் டீயோடு எழுந்து நின்றார்கள். அமுலு கண்ணை மூடினாள். தோள் அசைந்தது, முழங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது, மூடிய கை முழுசாக, கறுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட, ஃபில்டரோடு வெளியே வந்தது. அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். யாரும் கைதட்டவில்லை; தெரு மொத்தமும் மூச்சை வெளியே விட்ட சத்தத்தில் தார்ப்பாய் ஒருமுறை உப்பி அடங்கியது.

தணிகாசலம் அப்போதும் நிறுத்தவில்லை. ஐந்தாவது விரல், ஆறாவது, ஒரு முழம், இரண்டு முழம். திரை சிவந்து, இந்த வண்டி விற்காது என்றது, அவர் நகர்த்தினார். இந்த வண்டியில் டிரைவர் சீட்டைத் தவிர இடமில்லை என்றது, அவர் நகர்த்தினார். இன்ஜின் அறை வாசல் மாதிரி விரிந்தது, லூர்து உள்ளே ஏறி இன்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான், மஸ்தான் பாயும் ஏறினார், டாக்டரும் ஏறினார், துருப்பிடித்த அந்தப் பெரிய அறைக்குள் எட்டுப் பேர் நின்று ஃபேன் பெல்ட்டை நாலு பக்கமிருந்தும் தொட்டுப் பார்த்தார்கள்.

“சொந்தக்காரங்க எல்லாம் வந்து தங்கலாம் போல கீதே,” என்றான் லூர்து. திரையில் இருந்த பட்டியலில் தணிகாசலத்தின் வண்டி எங்கேயும் இல்லை.

“எறங்குங்கடா!” என்று சம்பந்தம் கத்தினான். “மணி ஆயிடுச்சு!”

எட்டுப் பேரும் குதித்தார்கள். வரதன், “கம்ப்யூட்டர எடுய்யா, எடு!” என்று கையை நீட்டினார். தணிகாசலம் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பதினொரு மணிக்குப் பதினேழாவது வண்டி மடிக்கணினியோடு போனது. டயர் நின்ற இடத்தில் நான்கு காய்ந்த வட்டங்கள் மிஞ்சின.

வரதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தன் வண்டியைப் பார்த்து நடந்தார். “இருபத்தாறு வருஷம் கூட வேலை பார்த்தேன். உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருக்கான்னு எனக்குத் தெரியாம போச்சு,” என்றார்.

“எனக்கும்தான் சார்,” என்றார் தணிகாசலம்.

லூர்து வரதனின் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் சொன்னான்: “சார், உங்க லெஃப்ட் சைடு லைட்டு எரியல. வர்றப்பவே பாத்தேன்.”

“தெரியும்ப்பா. ஒரு பல்பு. பம்பரக் கழட்டணுமாம், அஞ்சு மணி நேரம் ஆகுமாம். நேரம் இல்ல.”

தணிகாசலம் நின்றார். அந்த ஐந்து மணி நேரத்தை அவருக்குத் தெரியும். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் அவர் விட்டுவைத்த இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அது கணினியில் வந்த வண்டி இல்லை. பதினைந்தாம் நாள் போகாது. இந்த வண்டியை அகலமாக்குகிற கோடு எந்தத் திரையிலும் கிடையாது. இதே மாதிரி எத்தனை ஆயிரம் வண்டிகள் எத்தனை தெருக்களில் பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன என்று அவர் எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாது என்று விட்டார்.

“பானட்டத் திறங்க சார்,” என்றார்.

வரதன் திறந்தார். தணிகாசலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஐம்பத்து நாலு வயதில் தடித்துப்போன தன் வலது கையை விளக்குக்குப் பின்னால் விட்டார். விரல்களை நீட்டித்தான் விட முடிந்தது. ஓரத் தகடு மணிக்கட்டைக் கீறியது. பல்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. திருகினார், கழன்றது, கையை மூடினார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“என்னய்யா பண்ற?”

“பிடிச்சிருக்கேன்.”

“விடுய்யா. எனக்கு மூணு மணிக்கு மீட்டிங்.”

“ஆட்டோ பிடிச்சுப் போங்க. சம்பந்தம் கொண்டுபோய் விடுவான்.”

“விளையாடாத. இது நிஜ வண்டி. இது மாறாது. நீ வருஷக்கணக்கா நின்னாலும் இது மாறாது!”

“தெரியும் சார். மேல போய்ச் சொல்லுங்க, வரைஞ்சவனே உள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கிறான்னு.”

வரதன் தொழிற்சாலைக்கு, காவல் நிலையத்துக்கு, தன் வீட்டுக்கு என்று மூன்று இடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். தெருவில் ஸ்பேனர் சத்தம் மறுபடி எழுந்தது. டீக்கடை அடுப்பு எரியத் தொடங்கியது. லூர்து தார்ப்பாயை அவிழ்த்து வெள்ளை வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தான். அடுத்த ஷெட்டில் யாரோ ஒருவர், தான் வேலை செய்துகொண்டிருந்த வண்டிக்குள் விட்ட கையை எடுக்காமல், எதையோ யோசிப்பவர் போல அப்படியே நின்றார்.

அமுலு மண்ணெண்ணெயில் கைகழுவி, துணியில் துடைத்துக்கொண்டு வந்து, தணிகாசலம் நிற்கிற விதத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“தோள எறக்கி உடு சார். இடது கால்ல பாரத்தப் போடு. மொத ரெண்டு நாளுதான் வலிக்கும்.”